கல்லுக்கு நாடி பார்த்தவர்

சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ் கல் வாங்குகிறவர்கள் நிறம், தடிமன், விலை பார்ப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதெல்லாம் அந்தக் காலம். இப்போது நாடி பார்க்கிறார்கள். வாங்குகிறவருக்கு அல்ல, கல்லுக்கு.

சனிக்கிழமை காலை கல் கடையில் அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். நடுநாயகமாகக் கல்நாடியார். நூலில் கட்டிய செம்புக் குண்டைக் கல்லின் மேல் தொங்கவிடுவார். குண்டு சுற்றினால் உயிர்க்கல். சும்மா நின்றால் செத்த கல். செத்த கல்லில் சமைத்தால் நோய் வரும். உயிர்க்கல்லோ இருக்கிற நோயையும் உறிஞ்சிவிடும். விலை கூடின கல்லுக்கெல்லாம் உயிர் இருந்தது தற்செயல்தான், நம்புங்கள்.

வரிசையில் ஒரு தையல்காரியும் அவள் மாமியாரும் இருந்தார்கள். வீட்டில் உயிர்க்கல் பதித்த நாளிலிருந்து மாமியார் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் கால் மணி நேரம் மேடைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள், அதுதான் வைத்தியம். முந்தாநாள் அங்கேயே தலைசுற்றி விழுந்தாள். மருமகள் தாங்கியிருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். "கல்லு நோயை இழுக்குதுடி, அதான் சுத்துது" என்று விளக்கம் வேறு. தையல்காரி மாத்திரையை எடுத்து நீட்டினாள். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மாமியார் அசையவில்லை.

கடைசியில் மேடை பதித்த மேஸ்திரியிடம் போனாள். சிங்க்குக்காக நடுவில் அறுத்தெடுத்த துண்டு அவரிடம்தான் இருந்தது.

"இதுல ஏதும்மா உயிரு?" என்றார் மேஸ்திரி. "கல்லைப் பொடி பண்ணி, பிசினும் சாயமும் கலந்து, ஃபேக்டரியில அழுத்தி எடுக்கறது."

"அதைச் சொன்னா அத்தை கேப்பாங்களா? ரெண்டா அறுத்துக் குடுங்கண்ணே."

அந்த இரண்டு துண்டுகளைத்தான் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். முறை வந்ததும் மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, அத்தை கட்டில் பக்கத்துல ஒண்ணு வைக்கணும். இதுல எதுக்கு உயிர் இருக்கு?"

"துணியைப் பிரிம்மா."

"போன வாரம் பூட்டின அலமாரிக்குள்ள இருந்த கல்லையே பாத்தீங்களே! துணி எம்மாத்திரம்?"

"அதானே!" என்றது கூட்டம். பக்தர்களைப் போல உபத்திரவம் வேறில்லை. கல்நாடியார் குண்டை இறக்கினார். இரண்டுக்கும் உயிர் என்றால் யாருக்குப் பயம் வரும்? முதல் துண்டின் மேல் குண்டு சும்மா நின்றது. அடுத்ததன் மேல் கிறுகிறுவென்று சுற்றியது.

"இது பிணம். வீட்டுக்குள்ள சேக்காதே. அது கோடி வருஷம் மலையோட வயித்துல கிடந்த உயிரு."

ஒருவர் பிணத்தைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

தையல்காரி துணிகளை உருவி, துண்டுகளை ஒட்டவைத்தாள். சட்டைக் கோடும் பைக் கோடும் சேர்கிறதா என்று பார்த்தே பழகிய கை. சாம்பல் நிற ரேகை பிணத்தில் தொடங்கி உயிரில் போய் முடிந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை.

"ரெண்டும் ஒரே கல்லுங்க ஐயா. எங்க மேடையில அறுத்தது. காலையிலதான் மேஸ்திரி ரெண்டாக்கினாரு."

"அறுத்த அதிர்ச்சியில ஒரு பாதி செத்துடுச்சு" என்றார் கல்நாடியார், கண் சிமிட்டாமல்.

மாமியார் முன்னால் வந்தாள். "அவ்வளவு பெரிய ஓட்டை போட்டாங்களே, எங்க மேடை மட்டும் சாகலையா? திரும்பி நில்லுங்க."

அவளே துண்டுகளை மூடி, இடம் மாற்றி வைத்தாள். மூன்று தடவை கேட்டாள். பிணம் இரண்டு தடவை உயிர்த்தெழுந்தது.

"குண்டு களைச்சுப்போச்சு" என்றார் கல்நாடியார்.

மாமியார் கல்நாடியாரை நோக்கி விரலை நீட்டினாள். "நான் விழுந்தப்போ உன் கல்லா வந்து பிடிச்சது? இவதான்யா பிடிச்சா! செத்திருப்பேனே!" என்று கத்தினாள். பிறகு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் இந்நேரம் இருப்பாரா? வாடி, முதல்ல அங்க போவோம்."

அவர்கள் படியிறங்கும்போதே கல்நாடியார் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். வரிசை மட்டும் கலையவில்லை. "அடுத்த சனிக்கிழமை வருவாருங்களா?" என்று கடைக்காரரிடம் ஒருவர் கேட்டார்.

வரிசையில் நிற்கும் பெருமக்களே! ஃபேக்டரியில் செய்த கல்லுக்கு மூளை கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். உங்களுக்கு என்ன கேடு?