ஏசுதாஸுக்கு உடம்பு முடியவில்லை

"நைனா, ஒரு மணி நேரம் கண்ண மூடிப் படுத்துக்கினா போதும். மானேஜர் பாத்துட்டுப் பூடுவாரு."

"பகல்ல எவன்டா படுப்பான்? எனக்கு இன்னா நோவு?" என்றார் ஏசுதாஸ், கோடரியைத் தீட்டிக்கொண்டே.

அதுதான் தேவசகாயத்தின் கஷ்டமே. அந்த ஐம்பத்து நாலாம் வருஷத்தில் அவருடைய அப்பா ஏசுதாஸுக்கு வயது நூற்றியொன்று. மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் இன்னும் மரம் வெட்டுகிறார். மழித்த தலை, முழுசாகப் பல்வரிசை, ஒட்டிய வயிறு. மகனுக்கோ அறுபதுகூட ஆகவில்லை. தலை வெளுத்து, பல் பாதி கொட்டி, பஸ்ஸில் எல்லோரும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

செங்கல்பட்டு அரிசி ஆலை ஒன்றில் தேவசகாயம் கணக்குப்பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேர்ந்து ஒரு சவுக்குக் கட்டைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. ஆலைக்குப் புதிதாக வந்திருக்கும் மானேஜர் ராஜாராம், உடம்பு முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாராம். ஈஸ்டர் கழிந்ததும் மகளுக்குக் கல்யாணம். இப்போது வேலை போனால் அதுவும் போச்சு. ஆகவே, இன்னும் முகம்கூடப் பார்க்காத அந்த மானேஜருக்கு பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்: அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, இன்றோ நாளையோ, லீவு வேண்டும் என்று.

மானேஜர் இரக்கமுள்ள மனிதராய்ப் போனதுதான் வினை. நேரிலேயே வருகிறேன் என்று அதே கண்டக்டரிடம் பதில் வந்துவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி அப்பாவைக் கட்டிலில் கிடத்திக் கம்பளியைப் போர்த்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் கட்டில் காலி.

"லாரி வந்துகீது. சவுக்கு ஏத்தணும். நேத்தே வேல கெட்டுப் போச்சு."

"நேத்து பகலெல்லாம் எங்க நைனா போன?"

"சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்," என்று ஏசுதாஸ் கோடரியோடு போயே போய்விட்டார்.

வேறு வழி தெரியாமல் தேவசகாயம் பக்கத்து வீட்டு மோசஸை இழுத்து வந்து படுக்க வைத்தார்.

"நூறு வயசுக்கு எப்பிடி மொனகணும் அண்ணாத்த?"

"மூஞ்ச மூடிக்கினு மொனகு. போதும்."

ஜட்கா வந்து நின்றது. தேவசகாயம் இடுப்பைப் பிடித்தபடி, கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தார். ராஜாராம் அவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"நீங்க நிக்கக் கூடாது ஐயா. முதல்ல உக்காருங்க."

கணக்குப்பிள்ளையை ஐயா என்று கூப்பிடும் மானேஜரை தேவசகாயம் கண்டதில்லை. உள்ளம் குளிர்ந்தது, இவரிடமா பொய் சொன்னோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"பேச்சு இருக்கா?" என்று கட்டிலைக் காட்டி மெதுவாகக் கேட்டார் ராஜாராம்.

"மூணு நாளா இல்லீங்க. கஞ்சி கூட எறங்கல."

மோசஸ் தேவைக்கு மேலேயே முனகினான். ராஜாராமின் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தோளில் சவுக்குக் கட்டோடு ஏசுதாஸ் உள்ளே நுழைந்தார்.

"எவன்டா என் கட்டில்ல?"

"வா மோசஸ்," என்று முந்திக்கொண்டார் தேவசகாயம். "பக்கத்து வூட்டு ஆளுங்க. பேரு மோசஸ்." பெற்ற அப்பனைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டதில் நாக்கு குழறியது.

ஏசுதாஸ் மகனை ஒரு பார்வை பார்த்தார். பயல் எதிலோ வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க, மோசஸ்தான்," என்றார்.

கம்பளிக்குள் முனகல் நின்றுபோனது.

மானேஜர் கொண்டுவந்திருந்த அரிசி மூட்டையை ஏசுதாஸ் ஜட்காவிலிருந்து ஒற்றை ஆளாய்த் தூக்கி வந்து உள்ளே போட்டார். ராஜாராம் வாயைப் பிளந்தார்.

"கணக்கு வழக்கு தெரியுமா மோசஸ்?"

"தெரியாம? தோப்புக் கணக்கு பூரா நாந்தான்."

"தேவலையே."

தப்பித்தோம் என்று தேவசகாயம் மனசுக்குள் ஒரு ஜெபம் சொன்னார். கிளம்பும்போது ராஜாராம் அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"கண்டக்டர் உளறிட்டான் பெரியவரே, முடியாம இருக்கிறது நீங்கன்னு. நூத்தியொரு வயசுல நேத்து நீங்களே ஆலை வரைக்கும் நடந்து வந்து, படுத்திருக்கிறது மகன் தேவசகாயம்னு வாட்ச்மேன்கிட்ட சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. மகனோட வேலையை நினைச்சுக் கவலைப்படாதீங்க. திங்கட்கிழமையிலேருந்து அதை மோசஸ் வந்து பாத்துக்கட்டும்."