மாமனார் கிணற்றில் நான் கண்டுபிடித்த பெட்ரோல்

புகுந்த வீட்டில் பேர் வாங்க ஒரு பெண்ணுக்கு எத்தனையோ வழி இருக்கிறது. நன்றாக ரசம் வைக்கலாம். மாமியாருக்கு மூட்டு வலித்தால் தைலம் தேய்த்துவிடலாம். நான் மாமனாரின் கிணற்றில் பெட்ரோல் கண்டுபிடித்தேன்.

(சிரிக்க வேண்டாம். கொஞ்ச நாள் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியது நான்தான்.)

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து, தேவதானத்தில் வாழ்க்கைப்பட்ட புதுசு. கல்லூரிக்கு அப்போதுதான் கேஸ் குரோமட்டோகிராஃப் என்றொரு இயந்திரம் வந்திருந்தது. ஒரு வாயுவை ஊசியில் எடுத்து அதற்குள் செலுத்தினால், உள்ளே இருக்கும் நீண்ட சுருள் குழாயில் ஓட்டப்பந்தயம் நடக்கும். லேசான மீத்தேன் முதலில் ஓடி வரும், பிறகு ஈத்தேன், புரொப்பேன், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் பியூட்டேன். ஒவ்வொன்றும் வந்து சேரும்போது ஒரு பேனா நகரும் தாளில் மலை வரையும். துறையில் இளையவள் என்பதால் இயந்திரத்தை என் தலையில் கட்டினார்கள். நான் அதைக் கிரீடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவர்களுக்குக் காட்ட விடுதிச் சமையல் கேஸ்தான் சாம்பிள். சிலிண்டரை வெளியே எடுக்கச் சமையல்காரர் விடவில்லை. அதனால் பி.டி. மாஸ்டரிடம் கால்பந்தின் ரப்பர் பிளாடர் ஒன்றை இரவல் வாங்கி, அடுப்பு டியூபிலிருந்து அதில் கேஸ் பிடித்து வருவோம். புரொப்பேன் மலையும் பியூட்டேன் மலையும் அழகாக விழும்.

அந்தக் கோடையில் எங்கள் கிணற்றில் தூர் வாரினார்கள். அது பங்குக் கிணறு. பாதி என் மாமனாருக்கு, பாதி அவருடைய அண்ணனுக்கு. அவரைப் பெரிய மாமா என்போம். ஒருநாள் இவர் வயலுக்குத் தண்ணீர், மறுநாள் அவர் வயலுக்கு. ஒரு சண்டை சச்சரவு கிடையாது. சேற்றைக் கிளறக் கிளறக் குமிழ் குமிழாக வந்திருக்கிறது. உள்ளே நின்றவர்களில் ஒருவர் பீடி பற்றவைக்க, தண்ணீருக்கு மேல் நீலமாகத் தீ ஓடி அவருடைய பாதி மீசையோடு அணைந்தது. அவர் மேலே வந்துதான் மிச்ச மீசையைப் பார்த்தார்.

மாமியார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டார். மாமனார் என்னிடம் திரும்பி, படித்தவள் நீ என்ன சொல்கிறாய் என்றார். அதற்காகவே பிறந்தவள்போல நான் விளக்கினேன்: இலை தழை மக்கினால் மீத்தேன் மட்டும் வரும், கூடவே ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் இருந்தால் அது பெட்ரோலியக் குடும்பம். சோதித்தால் தெரிந்துவிடும்.

என் கணவர் கிணற்றுக்குள் இறங்கிப் புனலைக் கவிழ்த்துப் பிடித்துக் குமிழ்களைப் பிளாடரில் நிரப்பினார். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு இளைஞரை எழுப்பி இடம் கொடுத்தார். (உட்கார இடம் கிடைத்ததால் உண்மையைச் சொல்லவில்லை.)

இயந்திரத்தில் முதலில் மீத்தேன் மலை வந்தது. அவ்வளவுதான் என்று எழுந்திருக்கப் போனேன். பேனா மறுபடி எழும்பியது. புரொப்பேன். பிறகு பியூட்டேன். 'நடுவில் வர வேண்டிய ஈத்தேன் மட்டும் ஏன் பேருக்கு இருக்கிறது?' என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அதை உட்காரச் சொன்னேன்.

"மாமா, நம்ம கிணத்துல பெட்ரோலிய வாயு இருக்கு" என்றுதான் வீட்டில் சொன்னேன். வாயு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. பெட்ரோல் மட்டும் ஊருக்குள் போனது.

தூர் வாருவது நின்றது. கிணற்றைச் சுற்றி முள் வேலி வந்தது. வயலுக்குப் போகும்போதும் மாமனார் சலவை வேட்டி கட்ட ஆரம்பித்தார். டீசலும் சேர்ந்து வருமா என்று டிராக்டர்காரர் விசாரித்துவிட்டுப் போனார். பெரிய மாமா கயிற்றோடு வந்து, குமிழி யார் பக்கத்தில் வந்தது என்று அளந்து பார்த்தார். தன் பக்கம்தான் என்றார். கயிறு தொய்வாக இருக்கிறது என்றார் மாமனார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது. மறுவாரமே மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வக்கீல் பார்க்கப் புறப்பட்டார். அடுத்த பஸ்ஸில் பெரிய மாமாவும்.

நான் அந்தச் சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன்? மாமனார் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு இன்னும் அழகான தாள் ஒன்று எடுக்கலாம் என்று கல்லூரிக்குப் போயிருந்தேன். பிளாடரை ஏதோ பந்தயத்துக்காக பி.டி. மாஸ்டர் திரும்ப வாங்கிக்கொண்டதால், இந்த முறை கண்ணாடிப் பாட்டிலில் வாயு பிடித்திருந்தேன். ஊசியைக் குத்தினேன். மீத்தேன் வந்தது. அதற்குப் பிறகு பேனா படுத்துவிட்டது. இயந்திரம்தான் கெட்டுவிட்டது என்று முதலில் அதைத் திட்டினேன்.

அன்று மதியமே பந்தயம் முடிந்து பிளாடர் வந்தது. ஒரு சந்தேகத்தில் அதில் வெறும் நைட்ரஜனை அடைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து செலுத்தினேன். பேனா எழும்பியது. புரொப்பேன். பியூட்டேன். ரப்பர் சமையல் கேஸை நாள்கணக்கில் குடித்து வைத்துக்கொண்டு, உள்ளே எதை அடைத்தாலும் அதில் கொஞ்சம் கக்கியிருக்கிறது. தேவதானத்துக் கிணற்றில் நான் கண்டுபிடித்தது எங்கள் ஹாஸ்டல் இட்லி அடுப்பை.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன். இருவருக்கும் தெரிந்த வக்கீல் ஒரே ஒருவர்தான் போலிருக்கிறது. அவர் வீட்டு வாசலில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில், ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, பெட்ரோல் இல்ல. வெறும் சகதி வாயுதான்."

"நீதானம்மா இருக்குன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் மாமா."

மாமனார் தன் சலவை வேட்டியைப் பார்த்துக்கொண்டார். பெரிய மாமாதான் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏலே, நல்லாத்தான் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்க. இல்லன்னு சொன்னா நான் பங்க விட்டுட்டுப் போயிருவேன்னு நெனப்பாக்கும்."

நேரில் வந்து பாருங்கள் என்றேன். மறுநாள் அவரே ஆளை இறக்கித் தன் பாட்டிலில் வாயு பிடித்து, மூடியின்மேல் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கல்லூரி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். என்னைத் தொட விடவில்லை.

அண்ணனும் தம்பியும் ஸ்டூலில் உட்கார்ந்து, சேவல்கட்டு பார்ப்பதுபோலப் பேனாவைப் பார்த்தார்கள். ஒரு மலை எழுந்து இறங்கியது. பிறகு நேர்கோடு.

"பொறவு?" என்றார் பெரிய மாமா.

இனி எதுவும் வராது என்றேன்.

"செத்த நேரம் இருந்து பாப்போம்."

இருந்து பார்த்தார்கள். தாள் தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. கோடு அசையவில்லை. கடைசியில் மாமனார், "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். சண்டைக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு.

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அவன் பக்கத்துலயும் இல்லதானம்மா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்ல பெரிய மாமா. இல்லாததுலயும் ரெண்டும் சமம்."

"அப்பச் சரி" என்றார்.

வேலி பிரிந்தது, தூர் வாரி முடித்தார்கள், தண்ணீரும் வந்தது. எனக்குத்தான் விடிவில்லை. பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரும், நம்ம கிணற்றிலிருந்து ஒரு கேன் அனுப்பச் சொல்லி. ஒரு கல்யாணத்துக்கு நானும் கணவரும் தேவதானம் போனபோது, ஆட்டோ ஓட்டிய பையன் அந்தக் கிணற்றைக் கைகாட்டினான்.

"முன்னாடி இதுல பெட்ரோல் எடுத்துச்சாம் சார். ஒரு டீச்சரம்மா ஏதோ மிசின வச்சு அம்புட்டையும் உறிஞ்சிட்டுப் போயிட்டாகளாம்."

நான் வயலைப் பார்க்க ஆரம்பித்தேன். கணவர் முன்னால் சாய்ந்து, மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "எங்க வச்சிருக்காகன்னு யாருக்காவது தெரியுமான்னு விசாரிப்பா. கல்யாணமான நாள்லேர்ந்து நானும் வீடு பூராத் தேடுதேன்."