'அண்டர் கன்ட்ரோல்' அகராதி

தலையில் இடியே விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டு, "எல்லாம் அண்டர் கன்ட்ரோல் சார்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு காலை பாசஞ்சரில் எங்களோடு தினமும் வருபவர். மோட்டாருக்கு காயில் கட்டுவது தொழில். பெயரை நான் கேட்டதே இல்லை. செல்போனில்கூட 'கன்ட்ரோல்' என்றுதான் பதிந்திருந்தேன். அவரோ தினமும் முந்தி ஏறி, எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு வைப்பார்.

புயலில் வீட்டுக் கூரை பறந்தபோது, "வென்டிலேஷன் கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றார். பிரம்மதேசம் கிராமத்து நிலத்தில் மல்லாட்டைப் பயிர் மொத்தமும் மழையில் மூழ்கி அழுகியது. "இந்த சீசன் ரெஸ்ட் சார்." நிச்சயமான மகள் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தினார்கள். துண்டை மடித்துக்கொண்டே, "மைனர் டிலே சார்" என்றார். கண் மட்டும் சிவந்திருந்தது.

இதையெல்லாம் தொகுத்து அகராதி போட்ட மகானுபாவன் நான்தான். 'மைனர் டிலே: நெஞ்சு உடைந்துவிட்டது. அண்டர் கன்ட்ரோல்: உடனே ஓடி வா.' எங்கள் ரயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சிரிப்பு பொம்மைகள் குவிந்தன. அவரும் குழுவில் இருந்தார். கும்பிடு பொம்மை ஒன்று போட்டார்.

போன மாதம் ஒருநாள் அவர் ரயிலில் இல்லை. பத்து மணிக்கு குழுவில் அவர் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "விழுப்புரம் ஆஸ்பத்திரில கீறேன் சார். எல்லாம் அண்டர் கன்ட்ரோல். ஃப்ரீயா இருக்கறவங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஆஸ்பத்திரி என் ஆபீசுக்குப் பின் தெரு. நான் என்ன செய்தேன்? 'அகராதியைப் பார்க்கவும்!' என்று பதில் போட்டேன். மறுபடி சிரிப்பு பொம்மைகள். யாரும் போகவில்லை.

மறுநாள் ரயிலில் வழக்கம்போல எனக்குத் துண்டு போட்டிருந்தார். கையில் கேப்பைக்கூழ் தூக்கு.

"வூட்டம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் சார். பிளட் பத்தலன்னுட்டாங்க. அலைஞ்சிக்கினே இருந்தேன். வாசல்ல நின்ன ரெண்டு ஆட்டோக்காரங்க குடுத்தாங்க. இப்ப கண்ணத் தொறந்துட்டா."

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "மெசேஜ் பாத்தேண்ணே. பாத்துட்டும் வரல."

"வுடுங்க சார்." துண்டை எடுத்து எனக்கு இடம் விட்டார். "உங்க சைடுல ஒரு மைனர் டிலே. அவ்ளோதான்."

அதற்கு அர்த்தம் எழுதியவனே நான்தானே.

விழுப்புரத்தில் இறங்கியதும் தூக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஏழு வருஷத்தில் முதல் முறையாக, அவர் பெயரைக் கேட்டேன்.