விபத்துக்கு முன் நான் செய்துவந்த வேலைகள்

விடப்போவதில்லை. நாட்டில் எத்தனை கோர்ட் உண்டோ அத்தனை படியும் ஏறிவிடுவது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சபதம் எடுத்தேன். சபதம் என்றால் வலது கையைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். என்ன செய்ய, அதில்தான் மாவுக்கட்டு.

நடந்தது இதுதான். தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஓர் எண்ணெய் பாட்டில் விழுந்து உடைந்திருக்கிறது. துடைக்க ஆள் வரவில்லை. 'வழுக்கும், ஜாக்கிரதை' என்று ஒரு பலகைகூட வைக்கவில்லை. கையில் முட்டை அட்டையோடு கம்பீரமாக நடந்து வந்தேன் நான். சோப்பு அலமாரியில் புறப்பட்டவன் பிஸ்கட் அலமாரியில் போய்த்தான் நின்றேன். மணிக்கட்டு 'டப்' என்றது.

தள்ளுவண்டியோடு பின்னால் வந்த என் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ! எல்லாம் உடைஞ்சு போச்சா?"

"ஒரு கை மட்டும்தான்னு நினைக்கிறேன்."

"நான் முட்டையைக் கேட்டேங்க."

சும்மா சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுததும் அவள்தான். நான் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த மணிக்கட்டின் தயவில். எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் என்ன கதி?

வக்கீலைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வக்கீல். கட்டைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.

"கவலையை விடுங்க மாமா. கடைக் கேமராவுல எல்லாம் இருக்கும். வைத்தியச் செலவு, லீவு நாள் சம்பளம், ரெண்டையும் வாங்கிடலாம். கூடவே ஒரு லிஸ்ட் வேணும். விபத்துக்கு முன்னாடி இந்தக் கையால வீட்டுல என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு. அது நீளமா இருந்தா கேஸுக்கு பலம். போன வருஷம் லிஃப்ட் கதவுல என் கை மாட்டினப்ப நானே இப்படி ஒண்ணு எழுதிக் குடுத்தேன்."

வீட்டு வேலை! ஒன்றும் பிடிபடவில்லை எனக்கு. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். கை உடைந்தவன் எழுத முடியுமா? பேனாவை அவள் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"டிவி ரிமோட் அமுக்கறது."

"அதை இடது கையால அமுக்கலாமேன்னு ஜட்ஜ் கேப்பாரு."

"பேப்பர் புரட்டறது."

"அதுக்கும் அதையேதான் கேப்பாரு."

"காப்பியை ஆத்திக் குடிக்கறது."

"ஆத்தித் தர்றது நான். நீங்க குடிக்கறது மட்டும்தான்."

மானம் போகிற மாதிரி இருந்தது. யோசித்தேன். கேஸ் என்று இறங்கியாகிவிட்டது, இனிமேல் எதற்கு வெட்கம்?

"பாத்திரம் தேய்க்கறதுன்னு போடு."

பேனா கொஞ்சம் நின்றது. விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறாள் என்று பயந்தேன். ம்ஹும், சிரிக்கவே இல்லை.

"வாரத்துக்கு எத்தனை நாள்னு போட?"

"போடறதுதான் போடற, தினமும்னே போடு."

"காலையிலயா, சாயங்காலமா?"

"ரெண்டு வேளையும்!"

"துணி மடிக்கறது?"

"போடு!"

"ஃபேன் துடைக்கறது? ஸ்டூல் மேல ஏறணுமே."

"ஏறுவேன். போடு!"

"பாத்ரூம் கழுவறது?"

"பிரஷ் வச்சுத் தேய்ச்சுக் கழுவறதுன்னு விவரமாப் போடு. அப்பத்தான் நம்புவாங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே கிடையாது. உற்சாகத்தில் அள்ளி விட்டேன். மொத்தம் பத்தொன்பது வேலைகள் தேறின. 'விபத்துக்கு முன் நான் செய்துவந்த வேலைகள்' என்று தலைப்பையும் அவளே அழகாக எழுதி அடிக்கோடு போட்டாள். நான் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தேன்.

ஐந்தாவது வாரம், கடையின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். லிஸ்ட்டைப் படித்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மறுபடியும் லிஸ்ட்டைப் படித்தார்.

"இவ்வளவும் நீங்களே செஞ்சீங்களா சார்?"

"பின்னே? ஊர்க்காரனா வந்து செய்வான்?"

"ரொம்ப சந்தோஷம். பாத்திரம் தேய்க்கிற பவுடர் எங்க இருக்குன்னு காட்டுங்க."

சமையலறைக்குள் போனேன். என் வீடுதான். ஆனால் எத்தனை கதவுகள்! தைரியமாக ஒன்றைத் திறந்தேன். கேஸ் சிலிண்டர் இருந்தது. அது எப்போதுமே அங்கேதான் இருக்குமாம்.

அதிகாரி என் மனைவி பக்கம் திரும்பினார். பொய் என்று அவர் எழுதிவிட்டால் கேஸ் போகும். தபால் ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையே போகும். எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை!

"நீங்க சொல்லுங்கம்மா."

"அஞ்சு வாரமா ஒரு தட்டைக்கூட இவர் தொடல சார்."

"அதுக்கு முன்னாடி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவர் பழையபடி ஆகணும்னுகூட நான் கேக்கல சார். இந்த லிஸ்ட்டுல இருக்கற மாதிரி ஆயிட்டாப் போதும்."

என்ன பாசம்! நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதிகாரி மட்டும் ஏனோ இருமினார்.

"லிஸ்ட்டை விடுங்கம்மா. கேமராவைப் பாத்தாச்சு. பதினோரு நிமிஷம் எண்ணெய் கிடந்திருக்கு. கடை ஆளே ஒருத்தர் தாண்டிப் போயிருக்கார். தப்பு முழுக்கக் கடைமேலதான். செலவு, சம்பளம் ரெண்டையும் குடுத்துடறோம். இந்தத் தாளை மட்டும் ஃபைல்ல வைக்கச் சொல்லாதீங்க. என் மேலதிகாரி சிரிப்பாரு."

"வேணாம்னா என்கிட்டயே குடுத்துடுங்க சார்," என்றாள் அவள்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. என் பொய்யைக் கைநீட்டி வாங்கி, மடித்து, என் மானத்தைக் காப்பாற்றிய மகராசி. அன்று அவளை நிமிஷத்துக்கு ஒரு தரம் புகழ்ந்தேன்.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது. மேஜையில் குத்திக் காட்டச் சொன்னார். முத்திரை குத்துகிற மாதிரியே நாலு குத்து குத்தினேன். பேனா ஸ்டாண்டு எகிறியது. எலும்பு நேராகக் கூடியிருக்கிறது என்று அவர் சொன்னதும் அழுதேவிட்டேன். ஆறு வாரத்துப் பயம் ஒரேயடியாக இறங்கியது. அவளும் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"முன்னாடி செஞ்ச வேலையெல்லாம் செய்யலாமா டாக்டர்?"

"தாராளமா. செய்யச் செய்யத்தான் கைக்கு பலம் வரும்."

"அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்."

ஆபீசுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

வீடு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். கடைக்காரன் செக் வந்துவிட்டது. கை வந்துவிட்டது. ரிமோட்டை வலது கையாலேயே அமுக்கினேன், என்ன சுகம்!

"என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

சமையலறையில் குழாய்க்கு மேலே சுவரில் அந்தப் பத்தொன்பது வேலைகளும் தொங்கின. தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை வேறு. பக்கத்தில் டாக்டர் சீட்டு. கீழே என் பெருவிரல் ரேகை நீலமாகப் பளபளத்தது.

"ஏய், அதெல்லாம் கேஸுக்காகச் சொன்ன பொய்னு உனக்குத் தெரியாதா?"

"பொய்யா? நீங்களா? இத்தனை வருஷமா உங்க வேலையையெல்லாம் தெரியாத்தனமா நான் செஞ்சுட்டேனேன்னு எனக்குத்தான் வெக்கமாப் போச்சுங்க," என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விடுவேனா? உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்த லிஸ்ட்டுக்கு அப்பீல் ஏதாவது உண்டா?"

மறுமுனையில் குழாய் கொட்டுகிற சத்தம். ஒரு தட்டு உருண்டு அடங்கியது.

"பத்து நிமிஷம் பொறுங்க மாமா, குக்கரைத் தேய்ச்சு வச்சுட்டுக் கூப்பிடறேன்."