முப்பத்து மூன்றா, நாற்பத்தைந்தா

மொரீன் தூசி துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தாள். க்ளைவ் வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவி ஆடியதால் அல்ல. இசைத்தட்டில் யாரோ ஒரு சின்னப் பெண் துள்ளித் துள்ளிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"யார் பாட்டு இது?"

"உன் தட்டுதான். காப்பர் வார்டு. லேபிள் ஓரத்துல போட்டிருந்த வேகத்துல வெச்சேன், காலு நிக்கவே மாட்டேங்குது."

காப்பர் வார்டு என்ற அந்தக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு லீட்ஸ் நகரத்து இசை வார இதழில் போன மாதம் விமர்சனம் எழுதியவன் க்ளைவ்தான். 'மின்னணு ராக் இசைக்கு ஒரு சவ ஊர்வலம் கிடைத்துவிட்டது. கல்லறைக்குள்ளிருந்து வரும் அந்த ஆண்குரல் என்னை நடுங்க வைத்தது' என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தான்.

தட்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தான். பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்பது பழக்கதோஷம், அவனும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஓட்டிவிட்டான். லேபிள் ஓரத்திலோ எறும்பு மாதிரி எழுத்தில் நாற்பத்தைந்து என்று இருந்தது. மெதுவாகச் சுற்றியதில்தான் சின்னப் பெண்ணின் குரல் கல்லறை ஆண்குரலாக இழுபட்டிருக்கிறது. உறையிலாவது பாடகியின் முகத்தைப் போட்டிருக்கலாம். ஒரு மின்கம்பத்தைப் போட்டுத் தொலைத்திருந்தார்கள்.

இதழின் ஆசிரியை பிரெண்டா, போகாத கச்சேரிக்கு விமர்சனம் எழுதிய ஒருவனைப் போன வருடம் நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பியவள். அவளுக்குத் தெரிந்தால் வேலை போச்சு.

மற்றப் பத்திரிகைகளும் அதையேதானே எழுதின என்று மனசைத் தேற்றிக்கொண்டு, போட்டிப் பத்திரிகைக்காரன் ஹோவர்டுக்குப் போன் செய்தான். அந்த ஆல்பத்தைக் கேட்டபோது எப்படி இருந்தது என்று நைசாக விசாரித்தான்.

"நான் எங்கேப்பா கேட்டேன்? நீ எழுதினதைப் படிச்சேன், அது போதாதா?"

மற்றவர்களும் அப்படித்தானாம். ஆக, நாடு முழுக்கப் பரவிய தப்புக்கு மூலவர் க்ளைவ் ஒருவன்தான்.

சனிக்கிழமை அதே குழுவுக்கு லீட்ஸில் கச்சேரி. அதைப் பற்றி எழுதும் பொறுப்பும் அவன் தலையில்தான் இருந்தது. வயிறு சரியில்லை என்று ஆசிரியைக்குச் சொல்லிப் பார்த்தான். அப்படியானால் தானே போவதாகச் சொல்லிவிட்டாள் பிரெண்டா. அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான். வயிறு சரியாகிவிட்டது என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மேடையில் வேறு மாதிரி வாசித்தாலும் வாசிப்பார்கள் என்றும் உளறி வைத்தான்.

பிரெண்டா பேனாவைக் கீழே வைத்தாள். "தட்டுல ஒண்ணு, மேடையில ஒண்ணா? அப்போ ஊரை ஏமாத்துறாங்க. ரெண்டு பேருமா போவோம். முதல் பக்கத்துல போட்டுக் கிழிச்சிடலாம்."

தன் வேலையோடு, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளின் பிழைப்பும் சேர்ந்து போகப்போகிறது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை அரங்கில் அத்தனை பேரும் கறுப்புடையில், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். எல்லாம் அவன் எழுத்தின் மகிமை. க்ளைவ் கதவோரமாக நின்றான். முகமெல்லாம் புள்ளியாக ஒரு சின்னப் பெண் மைக்கைப் பிடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கரகரவென்று, நத்தை வேகத்தில், கல்லறைக்குள்ளிருந்து எழுந்தது குரல்.

"நீ சொன்னது சொன்னபடி இருக்கே," என்று பிரெண்டா அவன் முதுகில் தட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது. தப்பு தன் மேல் இல்லை, லேபிளைத்தான் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் மொரீனை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது, குழுவின் பேர் போட்ட பனியன் விற்றுக்கொண்டிருந்த தடித்த அம்மாள் ஒருத்தி அவனைப் பேர் கேட்டு ஓரமாக இழுத்துப் போனாள். பாடகியின் தாயாம்.

"கோவிச்சுக்காதே கண்ணு. இத்தனை பத்திரிகையும் தப்பாவா எழுதும், நாமதான் வேகமா வாசிச்சுட்டோம்னு பிள்ளைங்க மாசம் பூரா மெதுவா வாசிச்சுப் பழகுச்சுங்க, எம்பொண்ணு தொண்டை கட்டணும்னு சுருட்டுப் பிடிக்கிறா... இப்பவாவது நீ எழுதின மாதிரி இருக்கா?"