அத்தனை சாவியும் என் சட்டைப் பையில்

அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர் பதவிக்கு ஆசைப்படுகிறவனை நம்பவே கூடாது. நான் ஆசைப்பட்டவன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

உறையூரில் இருந்த ஓட்டு வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த புதிது. நிலம், படிக்கட்டு, மொட்டை மாடி எல்லாவற்றிலும் எனக்குப் ‘பிரிக்கப்படாத பங்கு’ உண்டு என்று பத்திரத்தில் போட்டிருந்தது. அந்த வார்த்தை என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாடிக்குப் போகும்போதெல்லாம் இதில் என்னுடைய இடம் எது என்று காலால் அளந்து பார்ப்பேன். (“அப்படித் தனியாக் காட்ட முடியாதுங்க, அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு” என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.)

என் இடம் எது என்று தெரியாததால் எல்லா இடத்தையும் காக்க வேண்டியதாயிற்று. எதிரி, மேல் தளத்தில் இருந்த கோதை மாமி. வெயில் காலம் வந்தால் மாமி மாடி முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்து வடாம் பிழிந்துவிடுவார். காக்காய்க்குப் பயம் காட்ட நடுவில் ஒரு கறுப்புக் குடை.

“மாமி, இது பொதுச் சொத்துங்க” என்றேன்.

“ஆமாண்டாப்பா. அதனாலதானே எல்லார் ஆத்துக்கும் வடாம் குடுக்கறேன்” என்றார் மாமி.

(உண்மைதான். எங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது. அருமையான வடாம். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!)

எல்லாருக்கும் சொந்தமானதை யாரும் பயன்படுத்தக் கூடாது. இதுதான் என் கொள்கை. செயலாளரான கையோடு பெரிய பூட்டு ஒன்று வாங்கிவந்தேன். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். மாடிக் கதவில் படிக்கட்டுப் பக்கம் அதைத் தொங்கவிட்டு, கூடவே வந்த சாவிகளை ஒரே வளையத்தில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவில் ஓர் அறிவிப்பும் ஒட்டினேன்: ‘இக்கதவு திறந்திருக்கக் காண்பவர் எவராயினும் உடனே பூட்டவும். – செயலாளர்.’

அன்றைக்குத்தான் என் தங்கை தேன்மொழியைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து வருவதாக இருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய் பதிலே சொல்லவில்லை. “இதுதான் கடைசி. இனிமே எவன் வந்தாலும் காப்பித் தட்டத் தூக்க மாட்டேன்” என்று தேன்மொழி சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் அப்படி. அப்பா இல்லாத வீடு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ முன்னால நின்னு நல்லபடியா நடத்திக் குடுப்பா” என்றாள். “எல்லாம் நான் பாத்துக்கறேம்மா” என்றேன்.

முதலில் மாடியைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் மேலே வடாம் காய்ந்தால் என்ன மரியாதை? பூ வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு மாடிக்கு ஏறினேன். பூட்டைத் திறந்து கொண்டியிலேயே தொங்கவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நினைத்தபடியே வடாம் விரிந்து கிடந்தது. பூட்டு வருவதற்கு முன்பே, விடியற்காலையில் வந்து பிழிந்துவிட்டுப் போயிருக்கிறார். விடுவேனா? ஷீட்டைச் சுருட்டிப் பறிமுதல் செய்யக் குனிந்தேன்.

பின்னால் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது.

படியில் மாமியின் மெட்டிச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பைப் படித்திருக்கிறார், பூட்டியிருக்கிறார், பெருமாள் சேவிக்கக் கிளம்பிவிட்டார். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன், உதைத்தேன். சாவி என்னிடம், பூட்டு அந்தப் பக்கம். செல்போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

சித்திரை வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வாட்ச்மேன் உட்பட ஊரே தூங்கியது. நான் போட்ட கூச்சல் ராஜகோபுரத்துப் புறாக்களுக்கு மட்டும் கேட்டிருக்கும். எந்த மாடியில் என் பங்கைத் தேடினேனோ அந்த மாடி முழுவதும் அப்போது எனக்கே சொந்தம். ஒரு சொம்பு தண்ணீருக்கு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்திருப்பேன். கால் சுட்டது. வெட்கத்தை விட்டு மாமியின் குடையைப் பிடுங்கி அதன் கீழே நின்றேன். பசி தாங்காமல் பச்சை வடாமையும் தின்றேன். (உப்பு சரியாக இருந்தது.)

கடைசியில் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. இதை விட்டால் கதி இல்லை என்று பட்டு வேட்டியை உருவி, கைப்பிடிச் சுவரின் மேல் ஏறாத குறையாக எம்பி, “காப்பாத்துங்க! காப்பாத்துங்க!” என்று கத்தியபடி அதை ஆட்டினேன். கார் எங்கள் வாசலிலேயே நின்றது. பழத்தட்டோடு ஓர் அம்மாள் இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஒரு கையில் குடை, மறுகையில் வேட்டி, கோடு போட்ட டிராயர். நான்தான் பெண்ணின் அண்ணன் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் வாசலுக்கு வந்த அம்மா சொல்லிவிட்டாள்: “ஐயோ, எம் புள்ளைங்க!”

கல்யாணம் போச்சு. என் கையாலேயே கெடுத்துவிட்டேன். சிரிப்பதற்கு இப்போது சிரிக்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காரிலிருந்து கடைசியாக இறங்கிய இளைஞர் நிலைமையைப் பார்த்தார். தன் அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிப் பழங்களைக் கார் சீட்டில் கொட்டினார். காலித் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கத்தினார்:

“சாவியப் போடுங்க மச்சான்! நான் புடிச்சிக்கிறேன்!”

மச்சான்! இன்னும் பெண்ணைப் பார்க்கவில்லை, காப்பி குடிக்கவில்லை, அதற்குள் மச்சான். கீழே என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாவியைப் போட்டேன், ‘டங்’ என்று தட்டில் விழுந்தது.

கதவு திறந்தபோது வாசற்படியில் அவரும், பாதி பின்னிய ஜடையோடு தேன்மொழியும் நின்றார்கள். மூச்சு வாங்கியது இருவருக்கும்.

“காப்பித் தட்டு தேவையில்லம்மா, பாத்தாச்சு” என்றாள் தேன்மொழி, பின்னால் ஏறிவந்த அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்து, “நீ மொதல்ல வேட்டியக் கட்டு” என்றாள்.

சாயங்காலம் மாமி கோயிலிலிருந்து வந்தார். “வடாம் காஞ்சுதோ இல்லியோ, நீ நன்னா காஞ்சுட்டேடாப்பா” என்றார். நான் உள்ளே இருப்பது தெரிந்தேதான் பூட்டினாரா? கேட்டால் இன்றுவரை சிரிக்கிறார்.

இப்போது மாடிக் கதவுக்குப் பூட்டே கிடையாது. குடை மட்டும் அங்கே ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பெயர் ‘செயலாளர் குடை’. என் மாப்பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலில் நின்று அண்ணாந்து, “மச்சான், வேட்டி பத்திரமா?” என்று தெரு கேட்கக் கத்துகிறார். வாட்ச்மேன் சொல்லும் கதையில் நான் குதிக்கவே போனேனாம். மாமி சொல்லும் கதையில் வடாம் முழுவதையும் நானே தின்றுவிட்டேனாம். ஆட்சேபித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. கதை குடியிருப்புக்கே பொதுவாகிவிட்டது. அதில் எனக்கும் ஒரு பிரிக்கப்படாத பங்கு உண்டு, அவ்வளவுதான்.