இரண்டாம் பாகமும் விரிப்புக்கடியில் கிடந்த மாப்பிள்ளையும்

ஒரு துப்பறியும் தொடரின் முதல் பாகத்தை உயிராக நேசித்தவனுக்கு, அதன் இரண்டாம் பாகம் குடிகாரச் சித்தப்பா மாதிரி. வீட்டுக்குள் எவ்வளவும் திட்டலாம். வெளியார் முன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த நாகரிகம் எனக்குப் பிடிபடாத வயதில்தான் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அப்போது ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தேன். (காத்திருப்பது என்றால், மாத்தளை வீட்டில் மெத்தை போட்ட செட்டியில் படுத்துத் தொடர் பார்ப்பது.) முதல் பாகத்தின் கடைசியில் இன்ஸ்பெக்டர் செத்துப்போனார். நான் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டாம் பாகத்தில் அவரே மீசையை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மரண வீட்டில் வெள்ளைத் துணிக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்தாராம். சுற்றியிருந்து அழுத ஒருவருக்கும் தெரியவில்லையாம். அப்படியென்றால் நான் விட்ட கண்ணீருக்கு என்ன மரியாதை? திட்டிக்கொண்டே ஒரு பகுதி விடாமல் பார்த்தேன்.

மாப்பிள்ளை தயாளன் கலேவெலயில் மரக்கறி மொத்த வியாபாரி. படத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. (படம் அவள் தலையணை உறைக்குள் இருந்தது. துப்பறிந்தவன் நான்.) ஆனால் அந்தக் குடும்பத்தில் பெரியப்பா சொல்வதுதான் முடிவு. அவர் சகுனக்காரர். போன மாதம் பாதி வழியில் நாவுல ஊர் வரைக்கும் வந்து, பூனை குறுக்கே போனதென்று வேனைத் திருப்பிக்கொண்டு போனவர். இந்த முறையும் சகுனம் பிழையாகிப்போனால் சம்பந்தம் இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா காலையிலேயே எங்கள் குறுகலான ஒழுங்கையில் திரியும் பூனைகள் எல்லாவற்றுக்கும் நெத்தலி போட்டு, வீட்டுப் பின்பக்கம் வரவழைத்து வைத்திருந்தார்.

"தம்பி, பிளேன்டீயக் குடுத்துட்டு உக்காரு. வாயத் தொறக்காத," என்றார் என்னிடம்.

வேன் ஒழுங்கைக்குள் நுழையாது. அதை நிறுத்த இடம் பார்க்கப் பெரியப்பா மெயின் ரோட்டிலேயே நின்றுவிட, மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முதலில் வந்தார்கள். அப்பா பேச்சுக்கு, "வீட்டுல பொழுது எப்பிடிங்க போகுது?" என்றார்.

"அந்த இன்ஸ்பெக்டர் நாடகந்தாங்க," என்றார் அந்த அம்மா. "மொதலாவது சும்மா இழுவை. ரெண்டாவதுதான் அருமை."

தட்டோடு நின்ற எனக்குக் காது சூடாகியது. "செத்தவன் வந்தது நடக்காத கதை ஆன்ட்டி. மூச்சு விட்டா துணி அசையும்."

அப்பா பலமாக இருமினார்.

"ஏன் நடக்காது? எங்க தயாளன் குளத்துல முங்குனா, செத்துட்டான்னு கரையில கூப்பாடு போடுவாங்க. அவ்வளவு நேரம் மூச்சடக்குவான்."

"தண்ணி வேற, துணி வேற."

"அப்பிடியா? தயாளா, படு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அடுப்படித் திரைச்சீலையைப் பார்த்தார். (திரைச்சீலை அக்காவின் குரலில் சிரித்தது.) பெண் வீட்டில் எதையும் மறுக்காதே என்று சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள் போல. சட்டை கசங்காமல் தரையில் மல்லாந்தார். செட்டியில் விருந்தாளிகளுக்காக விரித்திருந்த புது வெள்ளை விரிப்பை உருவி, தலைமுதல் கால்வரை மூடினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தொடரில் இருந்தது போலவே இருக்கட்டும் என்று சாமியறைக் குத்துவிளக்கையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். (ஆராய்ச்சியில் குறை வைக்கக் கூடாது.)

எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். விரிப்பு அசையவில்லை. உண்மையிலேயே அசையவில்லை.

அப்போதுதான் பழத்தட்டோடு பெரியப்பா வாசலுக்கு வந்தார்.

"ஐயோ தயாளா, இப்பத்தானேடா நடந்து வந்தே," என்று கதறிக்கொண்டு கால்மாட்டில் விழுந்தார். தோடம்பழங்கள் செட்டிக்கடியில் உருண்டன. பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "சாவு வீட்டுக்கு வெள்ளக் கொடி கட்ட ஆளு வேணுமா?" என்று கேட்டார்.

சேலை கட்டி, தலைகுனிந்து, மெதுவாக வரவேண்டிய அக்கா ஓடிவந்து விரிப்பை இழுத்தாள். மாப்பிள்ளை பெரிய மூச்சொன்று விட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே, "நான் சாகல பெரியப்பா. எனக்கு இவங்களப் புடிச்சிருக்கு," என்றார்.

பெரியப்பா எழுந்தார். விளக்கைப் பார்த்தார். "பூனையே மேல். கெளம்புங்க எல்லாரும்."

அக்கா கையில் விரிப்போடு அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"செத்த புள்ள எழும்பி உக்காந்திருக்கான்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இதவிட நல்ல சகுனம் எங்கங்க கெடைக்கும்? நாடகத்துல அந்த இன்ஸ்பெக்டர் எழும்பி வந்த பொறகுதானே அவருக்கு எல்லாம் நல்லா நடந்துச்சு. தம்பி, நீ படிச்சவன். பெரியப்பாவுக்குச் சொல்லு. ரெண்டாம் பாகம் சரியா, பிழையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கொள்கை, என் ரசனை, முதல் பாகத்துக்காக நான் பட்டினி கிடந்த அந்த ஒரு வேளை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"சரிதாங்க பெரியப்பா," என்றேன். "மொத பாகத்த விட அருமை."

என் வாழ்நாளின் ஆகப் பெரிய பொய். அக்காவின் தாலி இன்றும் அதில்தான் தொங்குகிறது.

பெரியப்பா மட்டும் இன்னும் எங்களை முழுதாக நம்பவில்லை. எப்போது வந்தாலும் மெயின் ரோட்டில் நின்று போன் எடுத்து, "எல்லாரும் எழும்பித்தான் இருக்கீங்களா?" என்று கேட்பார். மச்சானாகிவிட்ட தயாளன் சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் நீட்டுவார். "எல்லாரும் உசுரோடதான் இருக்கோம், வாங்க" என்று நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர் ஒழுங்கைக்குள் கால் வைப்பதில்லை.